மஞ்சள் ஒயரும் முப்பத்தொன்று புள்ளி நான்கும்

போன மாதம் திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பக்கத்தில்தானே என்று நான் வேலை பார்த்த கேரவன் ஷெட்டை எட்டிப் பார்த்தேன். புதிதாக இரண்டு வண்டி வந்திருக்கிறது. லித்தியம் பேட்டரியாம், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லையாம். என் இடத்தில் இப்போது இருக்கும் மகேஷ் போனைத் திறந்து காட்டினான். பேட்டரி எத்தனை சதவீதம், ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி, எல்லாம் அதிலேயே வருகிறது. "சகாயம் அன்னா, உங்க காலத்துல இதெல்லாம் எப்பிடித்தான் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டான். "தொட்டுப் பார்த்துதான்" என்றேன். பயல் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவனே, "சிரிக்கல அன்னா, எழுதிக் குடுங்க, எங்க டெக்னீஷியன் குரூப்ல போடறேன்" என்றான். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அவன் குரூப்பில் போடுவானா என்பது அவன் பாடு.

என் ஊர் சித்தூர். பள்ளிக்கூடம் முடித்ததும் என் நைனா சர்ச்சில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் கடையில் சேர்த்துவிட்டார். ஆறு வருடம் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பிரித்துப் பூட்டினேன். பிறகு டூரிஸ்ட் பஸ் கம்பெனி ஒன்றில் பல வருடம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கேரவனுக்கு வந்தேன். மூன்று வண்டி. சினிமா ஷூட்டிங்குக்குப் போகும், இல்லாவிட்டால் சென்னையிலிருந்து சாமி கும்பிட வரும் வசதியான குடும்பங்களுக்குப் போகும். உள்ளே கட்டில், கழிப்பறை, ஏசி, சின்ன ஃபிரிட்ஜ். பஸ்ஸில் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் மூன்று மாதத்திலேயே நான்கு பேட்டரியைச் சாகடித்தேன்.

காரணம் சின்னது. கேரவன் ஓடும்போது என்ஜின் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும், யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு டிரிப் முடிந்து அடுத்த டிரிப் வரும்வரை நிற்கிறதே, அப்போதுதான் கெடும். நிற்கிற வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும், இன்வெர்ட்டர் விழித்திருக்கும், பேட்டரி சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்கும். ஐந்தாம் நாள் சாவி போட்டால் ஒன்றும் எரியாது.

இதை எனக்குக் கற்பித்தவர் மேனேஜர் சுப்பராமய்யா. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, பையில் வெள்ளைக் கைக்குட்டை. தினம் காலையில் வருவார், பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொல்வார், அந்தக் கைக்குட்டையால் பேட்டரிகளின் தலையை ஒரு இழுப்பு இழுப்பார். ஆசிட் பொங்கி, பச்சையோ ஈரமோ துணியில் ஒட்டினால் நம்மைக் கிட்டே கூப்பிடுவார். கைக்குட்டையை நான்காக மடித்து நம் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சாயங்காலத்துக்குள் சட்டையில் ஓட்டை விழுந்திருக்கும். மூன்று சட்டை போன பிறகு நான் ஒழுங்கானேன். எதையாவது கடுமையாகச் சொல்லப்போகிறார் என்றால் மட்டும், தெலுங்கில் அப்பனே என்பதுபோல், "நாயனா" என்று ஆரம்பிப்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

அவர் வைத்த முறை இது. வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் முதலில் சுவரில் உள்ள பிளக் பாயின்டை டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும், எர்த் இருக்கிறதா என்று. பிறகு ஒயர். பதினைந்து மீட்டர், கட்டைவிரல் பருமன், மஞ்சள் நிறம். அதைச் சுருளோடு போட்டால் சூடேறி உருகும், கடைசி முழம்வரை அவிழ்த்துத் தரையில் போட வேண்டும். வண்டியில் செருகி, சார்ஜர் 'உம்' என்று முனகுவதைக் காதால் கேட்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து வந்து பிளக்கைத் தொட வேண்டும். சுட்டால் எங்கோ தளர்ந்திருக்கிறது. மீட்டரில் பதின்மூன்றரை வோல்ட் காட்டினால் கரன்ட் ஏறுகிறது. ஒயர் இல்லாமல் பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் பட்டினி கிடக்கிறது. பேட்டரிக்குத் தண்ணீர் சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னாலேயே ஊற்றினால் பொங்கி வழியும். ஃபிரிட்ஜ் நடுத் தட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். இப்போது எத்தனை, கடைசியாக அழித்ததிலிருந்து ஏறின உச்சம் எத்தனை, இறங்கின அளவு எத்தனை என்று மூன்றும் காட்டும். காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

ஷெட்டில் வண்டி கழுவுகிறவர்கள் ஒயரை இழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அப்போதெல்லாம் நான் கத்துவேன். "உங்க ஸ்பேனர், ஜாக்கி, கட்டிங் பிளேயர் எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சாலும் இந்த ஒயருக்கு ஈடாவாது. இதுக்கு மரியாதை குடுங்கடா." இதை நான் ஒரு தடவை சொன்னால் போதாதென்று பல வருடம் சொன்னேன். அதன் பலனை அனுபவித்தேன்.

ஒரு வருடம் ஆயுத பூஜை சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கேரவன் எடுத்துக்கொண்டு வந்தது. கார்த்திக் என்று ஒரு இளைஞன், அவன் மனைவி சுதா, கார்த்திக்கின் அம்மா. கார்த்திக்குக்கு ரத்தம் உறையாத வியாதி. சின்னதாக அடிபட்டாலும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்குமாம். வாரத்தில் இரண்டு தடவை ஊசி போட வேண்டும், சுதாவே போடுவாள். அந்த மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அவர்கள் கேரவன் எடுத்ததே ஃபிரிட்ஜுக்காகத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கினதே இல்லையாம், இதுதான் முதல் தடவை.

பூஜை அன்று காலையில் அவர்களை மலையடிவாரத்தில் அலிபிரியில் இறக்கிவிட்டு வண்டி ஷெட்டுக்கு வந்தது. மலைக்கு அவர்கள் வேறு காரில் போனார்கள். ஒரு ஊசியை ஐஸ் டப்பாவில் எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள் சுதா. மறுநாள் சாயங்காலம் இறங்கி, நாகலாபுரம் கோயிலைப் பார்த்துவிட்டு சென்னை திரும்புவதாகத் திட்டம். போகும் முன் என்னிடம், "அண்ணா, சூடாயிட்டா மருந்து பார்க்கிறதுக்கு அப்படியேதான் இருக்கும், நிறம்கூட மாறாது. போட்டாலும் தெரியாது. ரத்தம் நிக்காதப்பதான் தெரியும். பார்த்துக்கோங்க" என்றாள். நான் மார்தட்டாத குறையாக, "நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்கம்மா, ஒயர் போட்டா போட்டதுதான்" என்றேன்.

போட்டேன். பத்து நிமிடம் கழித்துத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. தெர்மாமீட்டரில் நாலு புள்ளி எட்டு. 'மருந்து உள்ளது' என்று தெலுங்கில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு சித்தூருக்கு பஸ் ஏறினேன். நான் கிறிஸ்தவன். ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு நாள் எனக்கு லீவு. ஷெட்டில் பூஜை எப்படி நடக்கும் என்று நான் ஒரு தடவைகூட இருந்து பார்த்ததில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். ஷெட்டில் சாம்பிராணி வாசனை. வாசலில் உடைத்த பூசணிக்காய். ஒரு பலகையில் வாழை இலை போட்டு ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவில், எல்லாவற்றையும்விட உயரமாக, சோப்புப் போட்டுக் கழுவி, அழகாகச் சுருட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி உட்கார்ந்திருந்தது என் மஞ்சள் ஒயர்.

பையைக் கீழே போட்டேன். வாட்ச்மேன் ஓடிவந்தான். "நேத்து சாயங்காலமே எடுத்து வச்சிட்டம் அன்னா. நீதானே சொல்லுவே, இது இல்லாம ஷெட்டே இல்லன்னு. இன்னிக்கி ரெண்டு மணிக்கி மறுபூஜ, அதுக்கப்பறந்தான் தொடணும்."

"பேட்டரியிலயாவது ஓடிக்கினு இருந்துச்சா?"

"வண்டிக்குள்ளாற கீ கீன்னு கத்திக்கினே இருந்துச்சி. பூஜ நேரத்துல அபசகுனமா இருக்குதேன்னு நான்தான் பட்டன அமுக்கிட்டேன்."

கரன்ட் போனால் இன்வெர்ட்டர் அப்படித்தான் கத்தும். கத்துவதே நம்மைக் கூப்பிடத்தான். அதை அணைத்தால் பேட்டரியில் ஓடுகிற ஃபிரிட்ஜும் நின்றுவிடும். அவன்மேல் பாய வேண்டும்போல் இருந்தது, ஆனால் எங்கே பாய்வது? ஒயருக்கு மரியாதை கொடு என்று சொன்னவன் நான். அவன் கொடுத்திருக்கிறான்.

கேரவனுக்குள் ஏறினேன். தகரக் கூரைக்கு அடியில் பூட்டிக் கிடந்த வண்டி, உள்ளே வெந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவில் என் எழுத்து ஒட்டியபடியே இருந்தது. தெர்மாமீட்டரில் முப்பத்தொன்று புள்ளி நான்கு. உச்சமும் அதுவே. இரண்டு மருந்து டப்பாவும் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன.

மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒயரை எடுத்துச் செருகினேன். யாரோ "அன்னா, மறுபூஜ ஆவல" என்றார்கள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். சார்ஜர் முனகியது, ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. ஓடி என்ன? வெந்த சோற்றை மறுபடி அரிசியாக்க முடியுமா?

சுப்பராமய்யா வந்தார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். முதலில் சுதாவின் நம்பருக்குப் போட்டார். அணைத்து வைத்திருந்தது. சாமி பார்க்கப் போகிறவர்கள் போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள். அரை மணிக்கு ஒரு தடவை போட்டோம். ஃபிரிட்ஜில் இருபத்தாறு ஆனது, பத்தொன்பது ஆனது, பன்னிரண்டு ஆனது. ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் மேனேஜர் முகத்தில் ஏதோ மாறிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் போன் போடுவதை நிறுத்திவிட்டார். "குமிழை முழுசா திருப்பு, சீக்கிரம் குளிரட்டும்" என்றார். "உறைஞ்சா அதுவும் போச்சி சார், குமிழ் மூணாம் நம்பர்லயே இருக்கட்டும்" என்றேன். தலையாட்டினார்.

மூன்று மணிக்கு சுதாவே கூப்பிட்டாள். மேனேஜர்தான் பேசினார். கார்த்திக் கியூவில் தடுக்கி முழங்காலை இடித்துக்கொண்டானாம், எடுத்துப்போன ஊசியை நேற்று ராத்திரியே போட்டாகிவிட்டதாம், உடனே இறங்குகிறார்களாம், நாலு மணிக்கு ஷெட்டுக்கே வந்துவிடுவார்களாம். "சரேம்மா, ரண்டி" என்று வரச்சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சார், சொல்லலியா?"

"நாயனா" என்றார்.

கையில் இருந்த டெஸ்டரைக் கீழே வைத்தேன்.

"நாயனா, போன மாசந்தான் ஓனர் சொன்னாரு, இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா ஷெட்ட மூடிடுவேன்னு. பதினோரு பேர் இருக்கம். இப்ப எத்தன காட்டுது?"

"அஞ்சி புள்ளி ஆறு."

"ஒரு நாள்தானே சூடாச்சி. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. அந்த உச்சம் காட்டறத அழிச்சிடு."

தினமும் கைக்குட்டை போட்டுத் துடைத்துப் பார்க்கிற மனிதர் இதைச் சொன்னார். நான் அவருடன் வாதாடினேன், மறுத்தேன் என்று இங்கே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் மறுக்கவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது, மகளுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே போனேன். அந்தப் பட்டனை மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். முப்பத்தொன்று புள்ளி நான்கு போய்விட்டது. உச்சம்: ஐந்து புள்ளி ஆறு.

கார் வந்தது. கார்த்திக் ஒரு காலை ஊன்றாமல் அம்மாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். முழங்கால் பேன்ட்டுக்குள் தடித்திருந்தது. சுதா நேரே கேரவனுக்குள் ஏறி, ஃபிரிட்ஜைத் திறந்து, தெர்மாமீட்டரைப் பார்த்தாள். அவள் வைத்திருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அண்ணா, ரெண்டு நாள்ல உச்சமே அஞ்சு புள்ளி ஆறுதானா! எங்க வீட்டு ஃபிரிட்ஜ்கூட இப்படி இருந்ததில்ல. தேங்க்ஸ்ண்ணா" என்றாள். பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

இப்போதே ஊசி போட வேண்டும் என்றாள். கார்த்திக்கைக் கட்டிலில் படுக்கவைத்து, காலைத் தலையணை மேல் தூக்கிவைத்தாள். மேஜையில் சுத்தமான துணி விரித்தாள். டப்பாவைப் பிரித்து, மருந்துக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினாள். நான் படியில் நின்றிருந்தேன். பின்னால் மேனேஜர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். இறுக்கமாக இல்லை, பிடித்திருந்தார். அவள் கார்த்திக்கின் கையில் ரப்பர் கட்டினாள். ஸ்பிரிட் வாசனை வந்தது. நரம்பு தேடித் தட்டினாள். கார்த்திக் வலியோடு சிரித்து, "இனிமே மலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்லயே கும்பிட்டுக்கலாம்" என்றான்.

ஊசி முனை தோலைத் தொடப்போனது.

"போடாதீங்கம்மா!"

என் குரல்தான். எனக்கே அந்நியமாக இருந்தது. மணிக்கட்டை உதறிக்கொண்டு உள்ளே ஏறினேன். "மருந்து கெட்டுப்போச்சிம்மா. நேத்து சாயங்காலத்துல இருந்து கரன்ட் இல்ல. ஒயர எடுத்து பூஜையில வச்சிட்டாங்க."

அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அஞ்சு புள்ளி ஆறுன்னு இருக்கே."

"முப்பத்தொண்ணு புள்ளி நாலு இருந்திச்சி. நான் அழிச்சிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கார்த்திக்கின் அம்மா எனக்கு விளங்காத எதையோ சொல்லி அழ ஆரம்பித்தார். சுதா ரப்பரை அவிழ்த்தாள். ஊசியை மேஜையில் வைத்தாள். சென்னை டாக்டருக்குப் போன் போட்டு என் வாயாலேயே அந்த எண்ணைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். போடவே கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் அங்கே பேசிவிடுகிறேன் என்றார் டாக்டர்.

கேரவனை நானே ஓட்டினேன். திருப்பதியில் விஜயதசமி சாயங்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாழைக்கன்று கட்டின ஆட்டோக்கள், ஊர்வலம், போலீஸ் கயிறு. ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. நான் வாழ்நாளில் அவ்வளவு ஜெபம் செய்ததில்லை, அவ்வளவு கெட்ட வார்த்தையும் பேசியதில்லை, இரண்டும் ஒரே மூச்சில். ஆஸ்பத்திரியில் அவர்களிடம் அந்த மருந்து இருந்தது. ஏழு மணிக்குள் ஊசி போட்டார்கள். முழங்காலுக்குள் ரத்தம் இறங்கியிருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் பயனில்லாத ஊசியை நம்பிக் காத்திருந்தால் மூட்டே போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். கார்த்திக் பிழைத்தான், ஒன்றரை மாதம் படுக்கையில் இருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வார்டு வாசலில் சுதா வெளியே வந்தாள். நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். "நடந்தத எழுதிக் குடுங்க. உங்க ஓனருக்கு அனுப்பணும்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

எழுதினேன். எத்தனை மணிக்கு ஒயர் எடுக்கப்பட்டது, எத்தனை டிகிரி, யார் அழித்தது, எல்லாம். கடைசியில் என் பெயரை எழுத வேண்டும். கை நின்றுவிட்டது. வேலை போகும், வரன் போகும், சர்ச்சில் பேசுவார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வழியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் பின்னால் சுப்பராமய்யா நிற்பதைப் பார்த்தேன். ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அதற்கு அடியில் தெலுங்கில் ஒரே வரி எழுதினார்: 'அழிக்கச் சொன்னது நான்.' தேதி போட்டு, முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் எழுதியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அந்தப் பக்கத்தில் அவர் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஓனர் அவரை அனுப்பிவிட்டார். என்னை வைத்துக்கொண்டார், ஒயரிங் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதற்காக. மேலும் ஐந்து வருடம் அந்த வேலையிலேயே இருந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். சுப்பராமய்யாவை அதற்குப் பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை. கங்காதர நெல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள். என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது.